களிமண் ட்ராக்கில் கார் வழுக்குதா? டயர் சாஸ் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

உள்ளரங்கக் களிமண் ட்ராக்கில் ஆர்.சி. பக்கி (ரிமோட்டில் ஓடும் சின்னப் பந்தயக் கார்) ஓட்டுகிற எல்லோருக்கும் இது ஒரு நாள் நடந்திருக்கும். போன ஹீட்டில், அதாவது போன பந்தய ஓட்டத்தில், தரையோடு ஒட்டிக்கொண்டு ஓடிய கார், அதே டயர், அதே சாஸ் (பிடிப்புக்காக டயரில் பூசும் திரவம்), ஓட்டுவதும் அதே ஆள், ஆனால் இந்த ஹீட்டில் முதல் வளைவிலேயே சோப்புத் தண்ணீர்மேல் போவது போல் வழுக்கிக்கொண்டு போய் ஓரத்துக் குழாயில் மோதும். உடனே பாட்டிலைத்தான் சந்தேகப்படுவோம். வேறு பாட்டில் வாங்குவோம். அதுவும் இரண்டு வாரம் நன்றாக ஓடிவிட்டு இதே இடத்தில் வந்து நிற்கும்.

நான் ஓட்டுவது தெற்குக் கலிஃபோர்னியாவில். இந்தப் பக்கத்து உள்ளரங்க ட்ராக்குகளில் களிமண்ணை இடித்துக் கெட்டியாக்கி, மட்டம் பார்த்து, தண்ணீர் தெளித்துப் பதமாக வைத்திருப்பார்கள். அந்தத் தண்ணீரில் சர்க்கரை கலக்கும் வழக்கமும் உண்டு, காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளட்டும் என்று கால்சியம் குளோரைடு போடும் வழக்கமும் உண்டு. நாள்கணக்கில் கார்கள் ஓடி ஓடி ரப்பர் படிந்து, ஓடுகிற தடம் மட்டும் கருத்துப் பளபளக்கும், அதைத்தான் ப்ளூ க்ரூவ் என்கிறோம். சாணி மெழுகிக் காய்ந்த திண்ணையைக் கையால் தடவிப் பார்த்தவர்களுக்கு அந்தக் கெட்டியும் வழவழப்பும் சொல்லாமலே புரியும். அந்தத் தரையில் நீளமான ரப்பர் முள் உள்ள டயருக்கு வேலையில்லை, குத்திப் பிடிக்க உதிரி மண்ணே இல்லை. முள்ளே இல்லாத ஸ்லிக் டயரோ, தேய்ந்து குட்டையான முள் உள்ள டயரோதான் ஓடும், அதன்மேல்தான் சாஸ். கீழே சொல்வதெல்லாம் இந்த மாதிரித் தரையில், பத்தில் ஒரு பங்கு அளவு எலெக்ட்ரிக் பக்கியை, ஐந்து நிமிட ஹீட் ஓட்டுவதை வைத்துத்தான். வெளியில் புழுதி ட்ராக்கில் ஓட்டுபவர்களுக்கு நடுவில் ஒரு பகுதி இருக்கிறது.

முதலில், சாஸ் என்ன செய்கிறது

சாஸ் ஒரு பசை என்று நினைத்துக்கொண்டிருந்தால் எல்லாமே தப்பாகத்தான் போகும். பெரும்பாலான சாஸ்கள் பெட்ரோலியக் கரைப்பானும் கொஞ்சம் எண்ணெயும் கலந்தவை. டயர் ரப்பரும் ஹைட்ரோகார்பன், இதுவும் ஹைட்ரோகார்பன், அதனால் ரப்பர் இதை உறிஞ்சிக்கொண்டு கொஞ்சம் உப்பி மிருதுவாகிறது. மிருதுவான ரப்பர் களிமண்ணின் பொடிப்பொடி மேடு பள்ளங்களில் அழுந்திப் பிடிக்கிறது. அவ்வளவுதான் சூட்சுமம். ஆகவே ரப்பருக்கு உள்ளே போன சாஸ் பிடிப்பைத் தரும், மேலே நிற்கிற சாஸ் வழுக்கும். கீழே வருகிற அறிகுறிகளில் பாதிக்கு மேல் இந்த ஒரே விஷயத்தில் வந்து முடியும், அதனால் இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டபிள்யூ.டி-40-ஐ டயரில் தேய்ப்பவர்கள் நிறையப் பேர் இருப்பதும் இதனால்தான். 1953-இல் சான் டியேகோவில், அட்லஸ் ஏவுகணையின் வெளித்தகடு துருப்பிடிக்காமல் இருக்க, நீரை விரட்டும் கலவையாகச் செய்தது அது. நாற்பதாவது முயற்சியில் சரியாக வந்ததால் பெயரில் 40. அதில் பெரும்பங்கு லேசான பெட்ரோலியக் கரைப்பான், மிச்சத்தில் கொஞ்சம் எண்ணெய். துருவுக்கென்று செய்தது ரப்பரை உப்ப வைக்கவும் உதவுகிறது. ஆனால் எந்தச் சாஸ் போடலாம், போடவே கூடாதா என்பது ட்ராக்குக்கு ட்ராக் மாறும், சில பந்தயங்களில் அவர்களே ஒரு பாட்டிலைக் குறித்துக் கொடுத்து அதை மட்டும்தான் போடச் சொல்வார்கள். பந்தய அறிவிப்பை முதலில் படியுங்கள்.

என் வழக்கமான முறையைச் சொல்லிவிடுகிறேன், கோளாறு எதுவானாலும் முதலில் இதற்குத் திரும்பி வந்து பாருங்கள். ஓடி முடித்ததும் டயரைச் சூடு ஆறுவதற்குள் துடைத்துவிடுவேன். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் க்ளீனரைத் தண்ணீரில் கலந்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் ஒற்றி, காயவிடுவேன். ஹீட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் சாஸை மெல்லிசாக ஒரே சுற்று பூசுவேன், சொட்டுகிற அளவுக்கு இல்லை, டயர் கருப்பாகி மின்னினால் போதும். காருக்கு அடியில் ஒரு ஸ்டாண்ட் வைத்து டயர் எதையும் தொடாமல் நிற்கவிடுவேன். ஹீட்டுக்குப் பத்து நிமிடம் முன்னால் பேப்பர் டவலால் அழுத்தித் துடைப்பேன், ட்ராக்குக்கு எடுத்துப் போகும்போது இன்னொரு முறை.

துடைத்தபின் பதம் பார்க்க வேண்டும். பாகு காய்ச்சும்போது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு சொட்டை வைத்து ஒட்டிப் பிரித்துப் பார்ப்பார்களே, கிட்டத்தட்ட அதே மாதிரிதான். கட்டைவிரலை டயரின் நடுவில் அழுத்தி ஒரு நொடி வைத்து எடுங்கள். செல்லோ டேப்பின் ஒட்டுப்பக்கத்தைத் தொட்ட மாதிரி லேசாக இழுத்து விட வேண்டும், விரலில் ஈரம் படக் கூடாது. விரல் மினுமினுத்தால் இன்னும் சாஸ் மேலே நிற்கிறது. இழுக்கவே இல்லை, பாலிஷ் போட்ட செருப்பைத் தொட்ட மாதிரி இருக்கிறது என்றால் காய்ந்து போய்விட்டது, அல்லது அந்த ரப்பரே முடிந்துவிட்டது.

முதல் இரண்டு மூன்று லாப் (சுற்று) வழுக்கிவிட்டு அப்புறம் பிடிக்கிறது

இதுதான் அதிகமாக வருகிற புகார், இதற்குத்தான் அதிகமாகத் தப்பான மருந்தும் போடுகிறார்கள். முதல் லாப் வழுக்கியதால் சாஸ் பத்தவில்லை என்று நினைத்து அடுத்த ஹீட்டுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக, அதுவும் கிளம்புவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் பூசுவார்கள். அடுத்த ஹீட்டில் மூன்று லாப் வழுக்கியது ஐந்து லாப் ஆகும்.

மேலே நிற்கிற சாஸைத் தரைதான் துடைத்து எடுக்கிறது, அதற்குத்தான் அந்த இரண்டு மூன்று லாப் ஆகிறது. அந்த வேலையை நீங்களே, காரைத் தயார் செய்யும் பிட் மேசையில் செய்துவிடுங்கள். சோதிக்க ஒரு எளிய வழி: அடுத்த ஹீட்டுக்கு அதே அளவு சாஸ், ஆனால் பூசும் நேரத்தைப் பதினைந்து நிமிடம் முன்னால் தள்ளுங்கள், கடைசியாகத் துடைக்கும்போது வெள்ளை பேப்பர் டவல் எடுத்து அதில் என்ன படிகிறது என்று பாருங்கள். ஈரமாகக் கருப்புக் கோடு விழுந்தால் இன்னும் இருக்கிறது, திரும்பத் துடையுங்கள். உலர்ந்த சாம்பல் நிறத் தடம் மட்டும் விழுந்தால் சரி.

துடைத்தும் பதம் சரியாக இருந்தும் முதல் லாப் மட்டும் வழுக்கினால், அது சாஸ் இல்லை, டயர் குளிர்ந்திருக்கிறது. குளிர்கால இரவில் தகரக் கூரைக் கட்டடத்தில் ரப்பர் விறைத்துவிடும், சாஸ் உள்ளே போவதற்கும் நேரம் கூட ஆகும். அன்றைக்குப் பத்து நிமிடம் கூடுதலாக விட்டுப் பாருங்கள். இன்னொன்று, சாஸ் போட்ட டயரோடு காரைத் தரையில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருப்பது. பிட் பகுதியில் இருக்கிற தூசி மொத்தமும் அதில் ஏறிவிடும். டயரை ட்ராக் மட்டும்தான் தொட வேண்டும்.

நன்றாக ஆரம்பித்து மூன்றாவது நிமிடத்தில் விட்டுப்போகிறது

மூன்று காரணம் இருக்கலாம், ஓடி முடித்தவுடன் டயரைத் தொட்டுப் பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும். அதனால் ஹீட் முடிந்ததும் காரைத் தூக்கியவுடன், யாரோடும் பேசுவதற்கு முன்னால், விரலை வையுங்கள்.

டயர் சூடாகி, மேல்பரப்பு ரப்பர் துகள் துகளாகச் சுருண்டு நிற்கிறது என்றால் ரப்பர் அளவுக்கு மேல் மிருதுவாகிவிட்டது. சாஸ் அதிகம், அல்லது அந்தத் தரைக்கு அந்த ரப்பர் வகையே அதிகம். டயர் கம்பெனியான ஜேகான்செப்ட்ஸில் உள்ளரங்கத்துக்கென்று வருகிற கோல்டு, சில்வர் என்ற ரப்பர் வகைகள் இரண்டும் மிருது, சில்வர் இன்னும் மிருது. சில்வர் போட்டு அதன்மேல் அரை மணி நேரம் சாஸும் ஊறவைத்தால் பிடிப்பு ஏறியிருக்கிற நாளில் அது ஐந்து நிமிடம் தாங்காது. கோல்டுக்கு மாறுங்கள், அல்லது சில்வரையே வைத்துக்கொண்டு ஊறும் நேரத்தைப் பாதியாக்குங்கள்.

டயர் சூடு இல்லை, ஆனால் மேலே மங்கலாக, மாவு தூவிய மாதிரி இருந்தால் தூசி ஏறியிருக்கிறது. கொஞ்சம் பிசுபிசுப்போடு ஆரம்பித்த டயர் ஒவ்வொரு லாப்பிலும் தடத்துக்கு வெளியில் கிடக்கிற புழுதியை வாரிக்கொண்டு வரும். அப்புறம் தடத்துக்குள் வந்தாலும் அந்தப் புழுதிமேல்தான் ஓடுகிறது. ஒரு முறை அகலமாகப் போய்விட்டால் அடுத்த இரண்டு வளைவுக்குக் கார் சொன்ன பேச்சு கேட்காது, அதற்குக் காரணம் இதுதான். சாஸைக் குறைப்பது பாதி மருந்து, தடத்தை விட்டு வெளியே போகாமல் ஓட்டுவது மீதிப் பாதி.

டயர் குளிர்ந்து, வறண்டு, கட்டையாக இருந்தால் சாஸ் ஆழமாகப் போகவில்லை, மேலோட்டமாக ஊறியது ஆவியாகிவிட்டது. இதற்கு மட்டும்தான் அதிக நேரம் ஊறவைப்பது மருந்து.

வளைவில் கார் உருண்டு விழுகிறது

சாயங்காலம் மெயின் (இறுதிப் பந்தயம்) நேரத்துக்கு நன்றாக ஓடிய தடத்தில் பிடிப்பு ஏறி உச்சத்துக்கு வந்திருக்கும்போது இது நடக்கும். முன் டயர் வெளிப்பக்கம் கொத்திக்கொள்ளும், கார் அதன்மேல் ஏறிப் புரண்டுவிடும். இதை ட்ராக்‌ஷன் ரோல் என்பார்கள். இங்கே பிடிப்பு குறைவு என்ற பிரச்சினையே இல்லை, அதனால் சாஸை நீக்குவதுதான் வழி. பின் டயருக்கு வழக்கம்போல் பூசுங்கள். முன் டயரில் உள்பக்கத்துப் பாதிக்கு மட்டும் பூசி, வெளி ஓரத்தை உலர்வாக விட்டுவிடுங்கள். அதுவும் போதாது என்றால் முன் டயருக்குச் சாஸே வேண்டாம், க்ளீனர் போட்டுத் துடைத்தால் போதும்.

டயரின் பக்கவாட்டில் சூப்பர் க்ளூவை மெல்லிசாகத் தடவிக் காயவைத்து அந்த ஓரத்தையே வழுக்க வைப்பது கார்ப்பெட் ட்ராக்கில் எல்லோரும் செய்வது, களிமண்ணிலும் உதவும். ஆனால் அது திரும்பி எடுக்க முடியாத வேலை. முதலில் சாஸைக் குறைத்துப் பாருங்கள், காரின் உயரத்தை ஒரு மில்லிமீட்டர் இறக்கிப் பாருங்கள், க்ளூ கடைசியில்.

முன்பக்கம் திரும்பவில்லை, அல்லது பின்பக்கம் சுற்றிக்கொள்கிறது

ஷாக்கையும் ஸ்பிரிங்கையும் தொடுவதற்கு முன்னால் முன் பின் டயருக்கு ஒரே நேரத்தில் பூசினோமா, ஒரே அளவு துடைத்தோமா என்று யோசியுங்கள். பூசும்போது பின் டயர் இரண்டையும் முதலில் முடித்துவிட்டு முன் டயருக்கு வருவது பலருக்கு வழக்கம், துடைக்கும்போதும் பின்னாலிருந்தே தொடங்குவார்கள், கடைசியில் முன் டயருக்கு அவசரமாக ஒரு துடைப்பு. முன் டயரில் ஈரம் நிற்கும், கார் நேராகப் போகும். ஓட்டுபவர் ஷாக் எண்ணெயை மாற்றிக்கொண்டிருப்பார்.

உண்மையிலேயே சமநிலையை மாற்ற வேண்டுமென்றால் நேரத்தை வைத்து மாற்றலாம். பின்பக்கம் சுற்றினால் பின் டயருக்கு அரை மணி நேரம், முன் டயருக்குப் பத்து நிமிடம். திரும்பவில்லை என்றால் முன் டயரையும் பின் டயரோடு சேர்த்தே ஊறவையுங்கள். நேரத்தை மாற்றும் நாளில் காரில் வேறு எதையும் தொடாதீர்கள், இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

இடது வளைவில் சரி, வலது வளைவில் மட்டும் போகிறது என்றால் இடது வலது டயரில் வித்தியாசம் இருக்கிறது. நான்கு டயரையும் வரிசையாகக் கட்டைவிரலால் தொட்டுப் பாருங்கள், கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் இன்னும் நன்றாகத் தெரியும்.

டயர் பழுப்பாகி மாவு பூசியது போல் இருக்கிறது

இங்கே பாட்டிலை மூடி வையுங்கள். தரையில் உதிரிப் புழுதி இருக்கிறது, அந்தத் தரைக்குச் சாஸ் எதிரி.

காலையில் முதல் பயிற்சி நேரத்தில், தண்ணீர் தெளித்து ஆறாத தரையிலும் இப்படி வரும், கார்கள் ஓடித் தடம் கருக்காத வரைக்கும் சாஸ் போட்டுப் பயனில்லை. ஷூவின் நுனியால் தடத்தைக் குறுக்கே ஒரு தேய் தேய்த்துப் பாருங்கள். கீச்சென்று இழுத்துப் பிடித்தால் சாஸுக்குத் தயாரான தரை. சரசரவென்று மணல் உருண்டால் சுத்தமான, உலர்ந்த, முள் உள்ள டயர்தான். வெளியில் திறந்தவெளி ட்ராக்கில் ஓட்டுபவர்களுக்கு முக்கால்வாசி நாள் இரண்டாவதுதான் பொருந்தும். புழுதியில் பிடிப்பது முள்ளின் உயரமும் இடைவெளியும்தான், பிசுபிசுப்பு அங்கே புழுதியை டயரில் ஏற்றத்தான் உதவும். வெளி ட்ராக்கிலும் மதியத்துக்கு மேல் தடம் கெட்டியாகிக் கருக்கும் இடங்கள் உண்டு. அப்போது ஷூ சோதனையைத் திரும்பச் செய்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சனிக்கிழமை ஒன்றில் நான் இதைக் கண்ணெதிரில் பார்த்தேன். எங்கள் ட்ராக்கில் பக்கத்து மேசையில் ஒரு பள்ளிக்கூடப் பையன், அப்பாவோடு வந்திருந்தான். புது ஸ்லிக், நல்ல சாஸ், ஒழுங்காக ஊறவைத்துத் துடைத்தும் இருந்தான். அன்றைக்குத் தடம் புதிதாகப் போட்டது, இன்னும் கருக்கவில்லை. இரண்டு லாப்பில் நான்கு டயரும் கடலை மாவில் புரட்டிய பஜ்ஜி மாதிரி ஆகிவிட்டது. பையன் கண் கலங்கிவிட்டான். டயரைக் கழுவி, என்னிடம் இருந்த பாதி தேய்ந்த முள் டயர் நான்கை மாட்டி, எதுவும் பூசாமல் அனுப்பினோம். அடுத்த ஹீட்டில் ஒரு முறைகூடப் புரளாமல் ஐந்து நிமிடமும் ஓட்டி முடித்தான். அவன் செய்தது எதுவும் தப்பில்லை, தரையை மட்டும் பார்க்கவில்லை.

நேர்ப்பாதையில் கார் நடுங்குகிறது, வளைவில் துள்ளுகிறது

டயருக்கு உள்ளே ஒரு ஃபோம் வளையம் இருக்கிறது, அதுதான் டயரின் வடிவத்தைத் தாங்குகிறது. காற்று வெளியேற ரிம்மிலோ டயரிலோ சின்ன ஓட்டை இருக்கும். சாஸைக் கொட்டிப் பூசினாலும், க்ளீனரில் முக்கி எடுத்தாலும் அந்த ஓட்டை வழியாக உள்ளே போய் ஃபோமில் தங்கிவிடும். நின்ற இடத்தில் ஒரு பக்கம் மட்டும் எடை கூடும். வேகமாகச் சுழலும்போது அது ஒரு பக்கமாக இழுத்து நடுங்கும், வளைவில் டயர் ஒரே மாதிரி அழுந்தாது.

என்னுடைய ஒரு செட்டில் பின் டயர் இரண்டுக்கும் நடுவில் எடை வித்தியாசம் வந்ததைச் சமையலறைத் தராசில் வைத்துத்தான் கண்டுபிடித்தேன். ஒன்று மற்றதைவிட 5 கிராம் அதிகம். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. டயரை அறுத்துப் பிரித்தேன்: ஃபோமின் ஒரு கால்பகுதி கருத்து, கனத்து, விரலால் அழுத்தினால் நனைந்த கேக் மாதிரி எண்ணெய் விட்டது, மிச்ச முக்கால் பகுதி புதுசாக வெள்ளையாக இருந்தது. ஓட்டை எப்போதும் மேலே இருக்கும்படிதான் அந்தச் சக்கரத்தை நான் காயப்போட்டு வைத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து இரண்டு பழக்கம். சாஸையும் க்ளீனரையும் பிரஷ்ஷில் எடுத்துத்தான் பூசுகிறேன், பாட்டிலிலிருந்து நேராக ஊற்றுவதில்லை. கழுவி முடித்ததும் சக்கரத்தைக் கையில் வேகமாகச் சுழற்றி, பேப்பர் டவல்மேல் தட்டுகிறேன், உள்ளே போன துளி ஓட்டை வழியாகவே வெளியே வந்துவிடும். ஏற்கெனவே ஊறிப்போன டயருக்கு, ஓட்டையைக் கீழே பார்த்து வைத்து இரண்டு மூன்று நாள் விட்டால் கொஞ்சம் வடியும். முழுசாகச் சரியாகாது, பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் நன்றாக இருந்த டயர் இப்போது கட்டையாகிவிட்டது

முள் தேயவில்லை, ஸ்லிக்கில் ரப்பர் நிறைய மிச்சம் இருக்கிறது, ஆனால் எவ்வளவு சாஸ் போட்டாலும் பதம் வரவில்லை. ரப்பரை மிருதுவாக வைத்திருக்கத் தயாரிக்கும்போதே அதில் எண்ணெய்கள் சேர்த்திருப்பார்கள். கரைப்பான் உள்ளே போய் வெளியே ஆவியாகும் ஒவ்வொரு முறையும் அதில் கொஞ்சத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்துவிடும். பூசிய அன்றைக்கு மிருதுவாகவும், ஒரு வாரம் கழித்து முன்னைவிடக் கட்டையாகவும் இருப்பது இதனால்தான். எண்ணெய் குறைந்து கரைப்பான் கூடிய சாஸ், பெட்ரோல் வாடை தூக்கலாக அடிக்கும் க்ளீனர், இரண்டும் இதை வேகப்படுத்தும்.

பந்தயத்துக்கு இரண்டு நாள் இடைவெளி இருந்தால் மெல்லிசாக எண்ணெய் கூடிய சாஸ் பூசி ஜிப் பையில் போட்டு மூடி வைத்துப் பாருங்கள், ஓரளவு திரும்பி வரும். பையில் நாள்கணக்கில் முக்கி வைக்க வேண்டாம், ரப்பர் ஊதிப் பெருத்து, வேகத்தில் டயர் பலூன் மாதிரி விரியும். மேல்பரப்பு மட்டும் வார்னிஷ் அடித்த மாதிரி பளபளத்துக் கட்டையாகியிருந்தால், 120 நம்பர் உப்புத் தாளால் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே லேசாகத் தேய்த்து அந்த மேல்தோலை எடுங்கள், கீழே நல்ல ரப்பர் இருக்கலாம். விரல் நகத்தால் அழுத்திப் பார்த்து மயிரிழை வெடிப்புகள் தெரிந்தால் அந்த டயர் முடிந்துவிட்டது.

டயர் ரிம்மை விட்டுக் கழன்று வருகிறது

சூப்பர் க்ளூ ஒட்டும்போது டயர் உதட்டில் எண்ணெய் இருந்திருக்கும், அல்லது கழுவுவதற்கு அசிட்டோன் பயன்படுத்தியிருப்பீர்கள். அசிட்டோன் சூப்பர் க்ளூவைக் கரைத்துவிடும், டயர் பக்கம் கொண்டுவரவே வேண்டாம். கழன்ற இடத்தைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, முழுசாகக் காயவிட்டு, மெல்லிய க்ளூ ஒரு சொட்டு விட்டு அழுத்திப் பிடியுங்கள். இனிமேல் சாஸைத் தரை தொடும் பரப்பில் மட்டும் பூசுங்கள், பக்கவாட்டில் வழியவிடாதீர்கள்.

புது டயர் பிடிக்கவேயில்லை

டயரை வார்த்த அச்சிலிருந்து பிரித்தெடுக்கப் பூசியது மேலே இருக்கும், அது போகிற வரைக்கும் சாஸ் உள்ளே நுழையாது. கழுவுங்கள், உப்புத் தாளால் பளபளப்பை எடுங்கள், ஒரு பேட்டரி பயிற்சி ஓட்டுங்கள், திரும்பக் கழுவுங்கள், அப்புறம்தான் முதல் சாஸ். பந்தய நாளன்று காலையில் பாக்கெட்டைப் பிரிக்காதீர்கள்.

சாஸ் மாற்றியபின் மோட்டார் கொதிக்கிறது

முன்பு டயர் வழுக்கியதால் வீணாகிய சக்தி இப்போது தரையில் இறங்குகிறது, மோட்டாருக்குச் சுமை ஏறியிருக்கிறது. சாஸ் நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு இது ஒரு அடையாளமும்கூட. ஐந்து நிமிடம் ஓடி முடிந்ததும் வெப்பமானியை மோட்டார்மேல் காட்டி, 70 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மோட்டாரின் சின்னப் பல்சக்கரமான பினியனில் ஒரு பல் குறையுங்கள். அப்படியே டிஃப்பும் (இடது வலது சக்கரங்களை வேறு வேறு வேகத்தில் சுழலவிடும் பாகம்) ஸ்லிப்பரும் (சுமை ஏறினால் வழுக்கிக் கொடுக்கும் கிளட்ச்) வழுக்குகிறதா என்று பாருங்கள், அவையும் பழைய பிடிப்புக்கு முறுக்கியவைதான்.

கையில் அரிப்பு, தலைவலி, பக்கத்து மேசைக்காரர் முறைக்கிறார்

பழைய காலத்துச் சாஸ்களில் சில மூட்டுவலித் தைலம் மாதிரியே மணக்கும், அதே விண்டர்கிரீன் எண்ணெய்தான் காரணம். மூடிய அரங்கத்தில் நாற்பது பேர் அதைப் பூசினால் யாருக்கும் மூச்சு விட முடியாது, அதனால்தான் பல உள்ளரங்கங்களில் மணமில்லாததை மட்டும் அனுமதிக்கிறார்கள். ஆனால் மணம் இல்லை என்பதற்காகக் கரைப்பான் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நைட்ரைல் கையுறை போடுங்கள், லேடெக்ஸ் கையுறை டயரைப் போலவே உப்பிக் கிழியும். குழந்தைகள் கையில் பாட்டிலைக் கொடுக்காதீர்கள். இது தீப்பற்றும் பொருள், லிப்போ பேட்டரி சார்ஜ் ஏறுகிற மேசையில் திறந்து வைக்க வேண்டாம், பூசுவதற்கு மேசையின் மறுகோடியையோ வாசல் பக்கத்தையோ ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

எல்லாம் செய்தும் புரியவில்லை

அப்போது சாஸே தொடாத ஒரு செட் டயர் வேண்டும். எப்போதும் ஒரு செட்டை இப்படி ஒதுக்கி வைத்திருங்கள், நல்ல டயர், ஒரு பேட்டரி ஓட்டிப் பழக்கியது, கழுவியது, பையில் போட்டு மேலே எழுதி வைத்தது. குழம்பிய நாளில் அதை மாட்டி உலர்வாகவே பத்து லாப் ஓட்டுங்கள், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சாஸ் போட்ட டயரைவிட அது வேகமாக வந்தால் கோளாறு உங்கள் சாஸிலோ நேரத்திலோ இருக்கிறது, மேலே முதல் அறிகுறியிலிருந்து திரும்பத் தொடங்குங்கள். சாஸ் போட்டது வேகமாக இருந்தும் ஓட்டக் கஷ்டமாக இருந்தால் காரின் செட்டப்பைப் பாருங்கள். இரண்டும் ஒரே நேரம் வந்தால் அன்றைக்குத் தரை சாஸ் கேட்கவில்லை, பாட்டிலைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு அந்த உலர்ந்த செட்டோடே ஓட்டுங்கள்.